தோல் எதற்காக உணர்கிறது?

தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும் என்று பல நூற்றாண்டுகளாக உலகம் நம்பியது. மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். கிருமி சதையைத் தின்கிறது, தின்றது போக மிஞ்சுவதே அந்தக் குறைந்த கை என்பது பழைய பாடம். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இந்தப் பாடத்தைச் சந்தேகித்தார். கொல்லிமலையில் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் படித்துத் திரும்பியவர் அவர். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையை அவர் பிடித்தபோது, செத்துப்போனதாகக் கருதப்பட்ட அந்தக் கை அவர் கையை வலிக்க வலிக்க இறுக்கியது. தசை உயிரோடு இருக்கிறது என்றால் விரலைக் குறைத்தது எது? அவரும் உடன் பணிபுரிந்தவர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் தேடினார்கள். அடுப்பிலிருந்து வெறுங்கையால் சட்டியை இறக்கியது, கருவியின் சிலாம்பு கையில் ஏறியது தெரியாமல் நாள் முழுக்க வேலை செய்தது, செருப்புக்குள் நீட்டியிருந்த ஆணியின் மேலேயே நடந்தது என்று காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. இரவில் விரல்கள் குறைந்ததற்கும் காரணம் இருந்தது. தூங்குகிறவர்களின் மரத்த விரல்களை எலிகள் கடித்தன, அவர்கள் விழிக்கவில்லை. காயம் படாமல் பார்த்துக்கொண்டபோது விரல்கள் குறைவது நின்றது. தோலுக்கு அருகே, உடலின் குளிர்ந்த பகுதிகளில் ஓடும் நரம்புகளைக் கிருமி கெடுக்கிறது. அதற்குப் பிறகு நடக்கும் அழிவில் பெரும்பகுதி வலி தெரியாததால் வருவது.

இதை மருத்துவ வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியாக மட்டும் வாசித்துவிட்டுப் போனால் அதில் இருக்கும் பெரிய செய்தி தவறிப்போகும். கண் ஒளியையும் காது ஒலியையும் அறிவதுபோல் தோல் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அறிகிறது என்று பள்ளியில் படிக்கிறோம். அதனால் தோலை ஏதோ ஓர் அளவுக்கருவியாக எண்ணிக்கொள்கிறோம். வெளியே இருப்பதை அது அளக்கிறது, அளந்ததை நரம்பு மூளைக்குக் கொண்டுபோகிறது, மூளை அதைப் படித்துக்கொள்கிறது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் தெக்கார்த்தும் ஏறக்குறைய இப்படித்தான் விளக்கினார். காலில் நெருப்புப் பட்டதும் நரம்பு என்ற கயிறு இழுபட்டு மூளையில் மணி அடிக்கிறது என்றார் அவர். கடந்த நூறு ஆண்டுகளில் கிடைத்த சான்றுகள் வேறு ஒரு படத்தைத் தருகின்றன. தொடுதல், வெப்பம், வலி, அசைவு ஆகிய உணர்வுகள் உடலைக் காக்கவும் செலுத்தவும் உருவானவை. உலகத்தைப் பற்றிய அறிவு அந்த வேலையின் ஊடே கிடைப்பது. நாம் உணரும்போதே, அடுத்து என்ன செய்வது என்ற முடிவை உடல் எடுக்கத் தொடங்கிவிடுகிறது.

வெப்பத்திலிருந்து தொடங்குவோம், அளப்பது என்றால் என்ன என்பது அதில்தான் எல்லோருக்கும் தெளிவு. ஒரு கையைச் சுடுநீரிலும் மற்றதைக் குளிர்நீரிலும் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் வெதுவெதுப்பான ஒரே நீரில் இட்டால், ஒரு கைக்கு அது குளிர்கிறது, மறு கைக்குச் சுடுகிறது. ஜான் லாக் 1690-இலேயே இதை எழுதிவிட்டார். ஒரே அறையில் இரவெல்லாம் கிடந்த இரும்புக் கட்டிலும் மர நாற்காலியும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனாலும் காலையில் தொட்டால் இரும்புதான் சில்லென்றிருக்கிறது. தோலின் வெப்பத்தை இரும்பு வேகமாக உறிஞ்சுகிறது, தோல் அந்த இழப்பின் வேகத்தைத்தான் உணர்கிறது. பொருளின் வெப்பநிலை என்ன என்று கேட்டால் இது தவறான விடை. என் உடலிலிருந்து எவ்வளவு விரைவாகச் சூடு பறிபோகிறது என்று கேட்டால் சரியான விடை. உயிர் பிழைக்க வேண்டிய ஒரு விலங்குக்கு இரண்டாவது கேள்விதான் அவசரம். 1896-இல் ஸ்வீடனைச் சேர்ந்த டோர்ஸ்டன் துன்பெரி இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார். இளஞ்சூடான கம்பிகளையும் மிதமாகக் குளிர்ந்த கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி அவற்றின்மேல் கையை வைத்தால், சுடுவதுபோல எரிகிறது. எந்தக் கம்பியையும் தனியாகத் தொட்டால் வலிப்பதில்லை. வலிக்கும் அளவுக்குச் சூடோ குளிரோ அங்கே எதிலும் இல்லை. இரண்டு வகை நரம்புச் செய்திகள் ஒன்றாக வந்து சேரும்போது நரம்பு மண்டலம் எடுக்கும் முடிவுதான் அந்த எரிச்சல்.

இதற்குக் கீழே மூலக்கூறு அளவில் என்ன நடக்கிறது என்பது 1997-இல் தெரியவந்தது. கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று தேடியது. வலியுணரும் நரம்புசெல்களில் இயங்கும் மரபணுக்களை, காரத்துக்கு இயல்பாக அசையாத வேறு செல்களுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றில் ஒரு மரபணு அந்தச் செல்களுக்குக் காரம் உணரும் திறனைக் கொடுத்தது. அது உண்டாக்கும் புரதம் செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு வாயில். இன்று அதற்கு டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதும் அதே வாயில் திறக்கிறது. மிளகாய் கடித்தால் வாய் 'எரிகிறது' என்று நாம் சொல்வதற்கு உடலுக்குள் நேரான காரணம் இருக்கிறது. 2002-இல் புதினாவின் குளிர்ச்சிப் பொருளான மென்தாலுக்கும் உண்மையான குளிருக்கும் சேர்ந்து திறக்கும் இன்னொரு வாயிலை ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். குறிப்பிட்ட வெப்பத்தில் திறக்கும் புரதம் என்றால் அது வெப்பமானிதானே என்று ஒருவர் கேட்கலாம். அந்த 43 டிகிரி நிலையாக நின்றால் அப்படிச் சொல்லலாம், ஆனால் அது நிற்பதில்லை. தோல் காயம்பட்டோ வீங்கியோ இருக்கும்போது அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் அந்த வாயிலை இளக்கிவிடுகின்றன. அப்போது உடலின் சாதாரண வெப்பமே அதைத் திறக்கப் போதும். வெயிலில் கன்றிய முதுகில் வெந்நீரல்லாத வெதுநீர் பட்டாலும் சுரீரென்பதற்கு இதுவே காரணம். தேவைக்கேற்பத் தன் கோடுகளை நகர்த்திக்கொள்ளும் கருவி அளப்பதற்கு உதவாது. ஏற்கெனவே புண்பட்ட இடத்தை இன்னொரு காயம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆபத்தான சூட்டை உணர எலியின் உடல் ஒரு வாயிலை மட்டும் நம்பியில்லை என்று 2018-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. மூன்று வாயில்களில் எந்த ஒன்று மிஞ்சினாலும் எலி சூட்டிலிருந்து விலகியது, மூன்றையும் நீக்கியபோதுதான் அந்தக் காப்பு போனது. அளவு பார்க்க மட்டும் என்றால் ஒரே வேலைக்கு மூன்று வாயில்கள் தேவைப்பட்டிருக்காது.

வெப்பத்துக்கும் வலிக்கும் இது பொருந்தலாம், தொடுதலுக்குப் பொருந்துமா என்பது வலுவான மறுப்பு. மனிதனின் ஒரு உள்ளங்கையிலும் விரல்களிலுமாக ஏறக்குறைய 17,000 தொடுவுணர் நரம்பிழைகள் முடிகின்றன. சில அழுத்தத்தின் விளிம்பை உணர்கின்றன, சில தோல் இழுபடுவதை, சில மெல்லிய அதிர்வை. கண்ணுக்கே தெரியாத, பத்துச் சொச்சம் நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கங்களையும் விரல்நுனி கண்டுபிடிக்கும் என்று ஸ்டாக்ஹோமில் 2013-இல் செய்த சோதனை காட்டியது. பட்டின் நெசவைத் தடவிப் பார்ப்பவரின் விரல் அளக்காமல் வேறென்ன செய்கிறது? இந்த நுட்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எப்போது கிடைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விரல் நகரும்போதுதான் கிடைக்கிறது. பிரெய்ல் எழுத்தின்மேல் விரலை அசையாமல் வைத்திருந்தால் படிப்பது தடுமாறும், ஓட்டினால் எழுத்து புலப்படும். இதே நரம்பிழைகள் நாள் முழுக்கச் செய்யும் முதல் வேலையை ஸ்வீடனின் ஊமியோ நகரில் ரோலண்ட் யொஹான்சனும் யோரான் வெஸ்ட்லிங்கும் 1984-இல் அளந்து காட்டினார்கள். ஒரு பொருளைத் தூக்கும்போது, நழுவாமல் இருக்கத் தேவையான விசையைவிடச் சற்றே கூடுதலாகத்தான் விரல்கள் பிடிக்கின்றன. பொருள் இம்மி நழுவினாலும், நமக்குத் தெரியும் முன்பே, ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பிடி இறுகுகிறது. மரத்துப்போக ஊசி போட்ட விரல்களால் இது முடிவதில்லை. அவை தேவைக்கு மேல் நசுக்குகின்றன அல்லது நழுவ விடுகின்றன. செங்கல்பட்டில் பிராண்டின் கையை அப்படி இறுக்கிய பிடிக்கும் இதுவே விளக்கம். எவ்வளவு பலம் போதும் என்று சொல்ல அந்தக் கையில் ஒன்றும் இல்லை. நம் செயலோடு தொடுதல் எவ்வளவு பின்னியிருக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று, நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாதது. 1998-இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டியபடி, சொந்தக் கையின் அசைவால் என்ன தொடுகை வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்து, அந்த அளவைக் குறைத்துவிடுகிறது. தோலில் விழுவது அதே தொடுகைதான், உணர்வு வேறாகிறது.

அசைவுணர்வு இந்த வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது, ஆனால் அதை ஒரு புலனாக யாரும் எண்ணுவதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிகிறது, இருட்டில் மாடிப்படி இறங்க முடிகிறது, பேசிக்கொண்டே சாதம் பிசைய முடிகிறது. தசைகளுக்குள் கதிர் வடிவில் இருக்கும் சிறு உணர்விகள் தசை நீள்வதையும் நீளும் வேகத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் இவையெல்லாம் முடிகின்றன. 1972-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் புயத்தசையின் நாணை அதிரவைத்தபோது, கட்டிப்போட்டு அசையாமல் இருந்த கை நீள்வதாகச் சோதனைக்கு உட்பட்டவர் உணர்ந்தார். கை எங்கே இருக்கிறது என்பதையும் மூளை இப்படிச் செய்திகளிலிருந்து கணித்துத்தான் தெரிந்துகொள்கிறது. இந்த உணர்விகளின் மூலக்கூறு 2010-இல் கிடைத்தது. பட்டபூட்டியனும் பெர்ட்ரான்ட் கோஸ்தும் நுண்குழாயால் குத்தினால் மின்னோட்டம் தரும் செல்களை எடுத்துக்கொண்டு, ஐயத்துக்குரிய 72 மரபணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக முடக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசியாக முடக்கிய மரபணுவில்தான் செல் குத்தலுக்கு அசையாமல் நின்றது. பியேசோ1 என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதன் உறவான பியேசோ2 தான் மென்தொடுதலுக்கும் அசைவுணர்வுக்கும் அடிப்படை. 2021-இல் ஜூலியஸும் பட்டபூட்டியனும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பியேசோ2 பிறவியிலேயே செயல்படாத இரண்டு நோயாளிகளைப் பற்றி அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மருத்துவர்கள் 2016-இல் எழுதினார்கள். ஒருவருக்கு 9 வயது, மற்றவருக்கு 19. வலியும் சூடும் குளிரும் அவர்களுக்குத் தெரிந்தன. ஆனால் அதிரும் இசைக்கவையை எலும்பின்மேல் வைத்தால் தெரியவில்லை. கண் திறந்திருக்கும்போது நடந்தார்கள், கண்ணைக் கட்டினால் தள்ளாடினார்கள், எதிரே இருக்கும் பொருளை நோக்கி நீட்டிய கை வேறெங்கோ போனது. முதுகெலும்பும் வளைந்திருந்தது. எலும்பு நேராக வளர்வதற்கும் உடல் தன் நிலையை அறிந்திருக்க வேண்டும்போலும். மூத்திரப்பை நிரம்பியதை உணரவும் இதே புரதம் தேவை என்று பின்னர் தெரிந்தது. இந்த வேலைகள் எதிலும் வெளியுலகம் இல்லை, அளப்பதற்கு வெளியே ஒரு பொருளும் இல்லை.

வலிக்கு வருவோம். வலி காயத்தின் அளவைச் சொல்வது என்றால் பெரிய காயம் பெரிய வலியைத் தர வேண்டும். இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் போர்முனையில் கடுமையாகக் காயம்பட்ட 200-க்கும் மேற்பட்ட வீரர்களிடம் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டார். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு உணர்வு மரத்துவிடவில்லை, ஊசியைத் தப்பாகக் குத்தினால் மற்றவர்களைப்போலவே முனகினார்கள். அப்போதைக்கு உடலின் முதல் தேவை அங்கிருந்து உயிரோடு வெளியேறுவது, காயத்தைப் பேணுவது அதற்கு அடுத்தது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் தண்டுவடத்திலேயே வலிச்செய்தியைத் தடுக்கவும் விடவும் கூடிய ஒரு கதவு உண்டு என்றும், மூளையிலிருந்து வரும் கட்டளைகளும் அதை இயக்குகின்றன என்றும் முன்வைத்தார்கள். அந்தக் கருத்தின் நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டன, ஆனால் மேலிருந்து கீழே வரும் கட்டுப்பாடு உண்டு என்பது நிலைபெற்றுவிட்டது. இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்தால் வலி குறைவதையும் அந்தக் கதவைக் கொண்டுதான் விளக்குகிறார்கள்.

இருந்தும், இந்த வாதத்துக்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று வெற்றி பெற்ற சோதனை ஒன்றிலிருந்து வரவில்லை, தோற்றுப்போன ஒன்றிலிருந்து வருகிறது. 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், வலி இழந்தவர்களுக்குச் செயற்கை வலியைச் செய்து தர முயன்றார். கையுறைகளிலும் காலுறைகளிலும் அழுத்த உணர்விகளைத் தைத்து, ஆபத்தான அழுத்தம் வந்தால் காதில் ஓசை எழும்படி செய்தார்கள். அளவு என்று பார்த்தால் அந்தக் கருவி சரியாகவே அளந்தது. ஆனால் நோயாளிகள் ஓசையைக் கேட்டுக்கொண்டே திருகாணியைத் திருகினார்கள். விளக்கை எரியவிட்டபோதும் அப்படியே. கடைசியில், உணர்வு மிஞ்சியிருந்த இடத்தில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். செய்து முடிக்க வேண்டிய வேலை வந்ததும் அவர்கள் கருவியை நிறுத்திவிட்டு வேலையை முடித்துவிட்டு மறுபடி இயக்கினார்கள். முட்டாள்தனத்தால் அல்ல, அவர்கள் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆபத்து பற்றிய தகவல் அவர்களிடம் முழுதாக இருந்தது. விலக்க முடியாத கட்டாயம் இல்லை. வட பாகிஸ்தானின் சில குடும்பங்களில் பிறவியிலேயே வலி தெரியாத ஆறு பிள்ளைகளை ஆராய்ந்து, 2006-இல் ஜெஃப்ரி வுட்ஸின் குழு எஸ்.சி.என்.9ஏ என்ற மரபணுவின் பழுதைக் கண்டது. அந்தப் பிள்ளைகளுக்குச் சூடு, குளிர், தொடுகை, அழுத்தம் எல்லாம் தெரிந்தன. தகவலில் குறையே இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் நாக்கிலும் உதட்டிலும் கடித்த காயங்கள். ஆய்வுக்குக் காரணமான சிறுவன் தெருவில் கையைக் கத்தியால் குத்தியும் தணலில் நடந்தும் காட்டிப் பிழைத்தவன். கூரையிலிருந்து குதித்து, 14 வயது நிறையும் முன் இறந்துபோனான்.

வலி காவலுக்காக என்றால், புண் ஆறிய பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடரும் முதுகுவலி எதைக் காக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. துண்டித்த காலில் வலிக்கிறதே, அங்கே காக்க என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி அளவுக்கருவி என்ற எண்ணத்தைத்தான் முதலில் உடைக்கிறது, ஏனென்றால் அளக்க அங்கே ஒன்றும் இல்லை. காவல் என்ற விளக்கம் அதைத் தாங்கும். வலிச்செய்தி தொடர்ந்து வந்தால் தண்டுவட நரம்புசெல்களே கூர்மையடைந்து, பிறகு மெல்லத் தொட்டாலும் வலிக்கச் செய்கின்றன என்று கிளிஃபோர்ட் வூல்ஃப் 1983-இல் காட்டினார். புண் ஆறும்வரை இது பயன் தரும் ஏற்பாடு. சிலருக்கு அந்தக் கூர்மை திரும்பி இறங்குவதில்லை. காக்கும் உறுப்பு எதுவும் மிகையாகச் செயல்பட்டு நோயாக மாறலாம், ஒவ்வாமையில் நோயெதிர்ப்பு அமைப்பு செய்வதும் இதுவே. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில், இழந்த கையில் வலி உணர்ந்தவர்களுக்கு நடுவில் கண்ணாடி வைத்த பெட்டியைக் கொடுத்தார். இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கை அசைவதுபோலத் தோன்றியதும் சிலருக்கு வலி தளர்ந்தது. எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. சிலருக்கே பலித்தாலும், காணும் காட்சி வலியை மாற்ற முடியும் என்பது உறுதியாகிறது. இதைக் கேட்டதும் 'அப்படியானால் எல்லாம் மனசுதான்' என்று நோயாளியிடம் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது கொடுமை, அறிவியலாகவும் தவறு. 1978-இல் பல் பிடுங்கியவர்களிடம் செய்த சோதனையில், வெற்று மருந்தால் கிடைத்த வலித்தணிவைக் கூட நாலாக்சோன் என்ற மருந்து தடுத்தது. உடலே சுரக்கும் அபினி போன்ற பொருள்களைத் தடுப்பது அதன் வேலை. மூளை வலியைக் கூட்டுவதும் குறைப்பதும் வேதிவினைகளாலான உடல்வேலை. ஆகவே, ஸ்கேனில் ஒன்றும் தெரியாத வலியும் வலியே.

இந்த வாதம் நம் ஊரில் எங்கே அவசரமாகிறது என்றால், நீரிழிவில். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாக மதிப்பிட்டது. சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால் நீளமான நரம்பிழைகள் முதலில் கெடுகின்றன, அதனால் பாதம் மரக்கிறது. தொழுநோயில் கிருமி செய்ததை இங்கே சர்க்கரை செய்கிறது, பின்விளைவும் அதேதான். பாதத்தில் அழுத்தும் நைலான் இழை 10 கிராம் விசையில் வளையும்போது தெரிகிறதா, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு பெருவிரலில் தெரிகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் செய்ய வேண்டும். தெரியவில்லை என்றால் தினமும் பாதத்தைக் கண்ணால் பார், வெறுங்காலோடு நடக்காதே, வெந்நீரைக் காலால் சோதிக்காதே என்று மருத்துவர் சொல்வார். சொல்வது சரி, ஆனால் கண்ணால் ஒவ்வொரு அடியையும் காவல் காக்க முடியாது. ஒரே இடத்தில் மிதமான அழுத்தமே ஆயிரக்கணக்கான முறை விழுந்தால் சதை வீங்கிப் புண்ணாகும் என்று பிராண்ட் காட்டினார். உணர்வுள்ள பாதம், அந்த இடம் கொஞ்சம் கடுக்கத் தொடங்கியதுமே, நடப்பவர் அறியாமல் எடையை வேறு பக்கம் மாற்றிவிடுகிறது, மரத்த பாதமோ கடைசி அடிவரை அதே இடத்தில்தான் ஊன்றுகிறது. எனவே எச்சரிக்கை சொல்வதோடு வேலூர் நிற்கவில்லை. அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும் நுண்துளை ரப்பரைக் கொண்டு செருப்புத் தைத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் இன்று அது நீரிழிவு மருத்துவர்களின் சீட்டிலும் எழுதப்படுகிறது.